சந்தனம் இல்லாத வளைகாப்பு

வளைகாப்புத் தட்டில் சந்தனக் கிண்ணம் இல்லை. மஞ்சள் இருந்தது, குங்குமம் இருந்தது, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் குவிந்திருந்தன, வெள்ளிச் செம்பில் பன்னீர்கூட இருந்தது. சந்தனம் இருக்கவேண்டிய இடத்தில் கற்கண்டை வைத்து நிரப்பியிருந்தார்கள். வந்திருந்த பெண்களில் ஒருத்திகூட எங்கே சந்தனம் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க ஊர் பழகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அஞ்சுகம் தன் முறை வந்ததும் எழுந்துபோய் அண்ணன் மகள் நிறைமதியின் கன்னத்தில் மஞ்சளைத் தடவினாள். நிறைமதிக்குத் தாய் கிடையாது, சிறுவயதிலேயே போய்விட்டாள். தாயின் இடத்தில் நிற்கவேண்டியவள் அத்தைதான். ஒன்பதாம் மாத வயிற்றோடு மணையில் உட்கார்ந்திருந்த பெண், அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பில் பாதிதான் வந்தது.

கோவையின் அந்த அடுக்குமாடி வீட்டு ஹாலில் ஏசியை முழுக் குளிரில் வைத்திருந்தார்கள். பட்டுப்புடவைக்காரிகள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். நிறைமதியின் அப்பா குருவப்பனைச் சரியாக ஏசியின் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். பெண்ணைப் பெற்றவருக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியாதவர்கள் நினைத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி மாட்டுத்தோல் இழுத்த மனிதர், புதுச் சட்டையில் வெடவெடத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேர்த்துவிடக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

பலகாரம் பரிமாறத் தொடங்கியபோது மாமியார்க்காரி சுலோசனா அஞ்சுகத்தின் கையைத் தொட்டாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குரல் எப்போதும் வகுப்பு முடிந்தபிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற குரல்.

"சம்பந்தி, ஒரு நிமிஷம் உள்ள வர்றீங்களா?"

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆரம்பித்தாள். "தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. தலைப்பிரசவம் தாய் வீட்லன்னு முறை இருக்குது. ஆனா திண்டுக்கல்லுக்கு அனுப்பறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. இங்கயே பாத்துக்கறோம்."

"சரிங்க. ஆஸ்பத்திரி வசதியும் இங்கதான்."

"அதுக்கில்லீங்க." சுலோசனா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "டாக்டரைக் கேட்டேன். நம்ம நிறை தோல்ல இருக்கற அந்தப் பூச்சு, பிரசவத்துல குழந்தைக்கும் வந்துருமாமே. நிசங்களா?"

அஞ்சுகம் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் தூங்காமல் வந்தாள்.

"பச்சைப்பிள்ளை தோல்ல ஒண்ணுமே இருக்காதுங்க. காலி வீடு. வெளிய வர்றப்ப அம்மா மேல இருக்கிற கிருமியெல்லாம் முதல்ல குடிவந்துரும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான், அதுதான் நல்லதும்கூட. அதோட இதுவும் சேந்து வரும்."

"அப்புறம் போகாதுங்களா?"

"போகாது."

"எனக்கு வரலியே. எம் பையன் பிரசன்னாவுக்கும் வரலியே. ஒரே வீட்லதானே இருக்கறோம்?"

"உங்க தோல்ல ஏற்கெனவே ஆள் குடியிருக்குங்க. புதுசா வர்றதை உள்ள விடாது. காலி வீட்லதான் குடியேற முடியும்."

சுலோசனா தலையை ஆட்டினாள். கணக்கு புரிந்துவிட்டது. "அப்ப, பொறந்ததுல இருந்தே அப்பிடித்தான்னு ஆயிரும்."

இந்த நாட்டில் பிறந்ததிலிருந்தே மனிதன்மேல் ஒட்டிக்கொள்வதற்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது போதாதென்று துணைக்கு இன்னொன்றைச் செய்து கொடுத்தவள் நான்தான் என்று அஞ்சுகத்துக்கு நெஞ்சு எரிந்தது.

"நான் அதெல்லாம் பாக்கறவ இல்லீங்க," என்றாள் சுலோசனா. "பாக்கறவளா இருந்தா கட்டியே வச்சிருக்க மாட்டேன். ஆனா நாளைக்கு பிளே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனா, எங்க பிள்ளைகளுக்கு வாசனை அலர்ஜி, மன்னிச்சுக்கங்கம்பாங்க. வாடகைக்கு வீடு கேட்டா அதையேதான் சொல்லுவாங்க. எதுத்து என்ன பேசறதுங்க? நீங்கதானே கண்டுபிடிச்சீங்க. எடுக்கறதுக்கும் ஏதாச்சும் வச்சிருப்பீங்கல்ல?"

"இருக்கு," என்றாள் அஞ்சுகம்.

சந்தனத்தில் மணப்பது ஒரு பொருள். சாண்டலால் என்று பெயர். மரம் அதைத் தன் வைரத்தில் சேர்த்துவைக்கப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் திருடன் வந்துவிடுவான். சென்னையில் அஞ்சுகம் வேலைபார்த்த வாசனைத் தைலக் கம்பெனி, மரத்தின் அந்த வித்தையை நுண்ணுயிருக்குக் கற்றுக்கொடுத்துத் தொட்டிகளில் சாண்டலால் காய்ச்சிக்கொண்டிருந்தது. தொட்டி எதற்கு, மனிதத் தோலிலேயே குடியிருக்கிற கிருமிக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று கேட்டவள் அஞ்சுகம். அது வேர்வையைத் தின்னும், சந்தனத்தைக் கக்கும். ஒருமுறை பூசினால் ஆயுளுக்கும் மணக்கும். வேர்க்க வேர்க்க அதிகம் மணக்கும்.

அவளுக்கு அந்த யோசனை வந்தது ஆய்வுக்கூடத்தில் இல்லை. தோல்ஷாப்புத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால், "ஜன்னல் பக்கம் போய் உக்காரும்மா, காத்து வரும்" என்று டீச்சர் அன்பாகச் சொல்லுவார். காற்று உள்ளே வருவதற்காக அல்ல, இவர்கள் வாடை வெளியே போவதற்காக என்று அவளுக்குப் புரிய ஆறாம் வகுப்பு ஆனது. தோலில் ஊறிய வாடை சோப்புக்குப் போகாது, சீயக்காய்க்குப் போகாது. அந்த வாடையை உலகத்தை விட்டே ஓட்டிவிடுவேன் என்று அவள் படித்தாள். படித்து ஓட்டியும் காட்டினாள்.

அதிகம் வேர்க்கிற ஆட்கள்மேல் சோதித்துப்பார்க்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது அவள் தன் தெருவையே கூட்டிவந்தாள். முதல் ஆளாகக் கையை நீட்டியவர் அண்ணன். பள்ளிக்கூடத்துச் சிறுமி நிறைமதியும் நீட்டினாள். ஒரு வாரத்தில் தோல்ஷாப்புத் தெரு சந்தனமாய் மணந்தது. பெண்கள் ஒருத்தி கழுத்தை ஒருத்தி முகர்ந்து சிரித்தார்கள். குழியிலிருந்து ஏறிவருகிற ஆண்கள்மேல் கல்யாண வீட்டு வாசனை அடித்தது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அஞ்சுகத்தின் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் வந்ததே இல்லை.

பிறகு பணக்காரர்கள் வாங்கினார்கள். மாப்பிள்ளைகள், நடிகைகள், அமைச்சர்கள் வீட்டுப் பெண்கள் என்று எல்லோர் மேனியும் மணந்தது. பிரசன்னா என்ற கோவைப் பையன், கூட வேலைபார்க்கும் நிறைமதியிடம் முதன்முதலில் பேசியதே "இது என்ன சென்ட்டுங்க?" என்ற கேள்விதான். சந்தனம் மிஞ்சினால் எங்கே பூசிக்கொள்வார்கள் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு, இங்கே எழுத முடியாது. அப்படித்தான் ஆயிற்று. விலை இறங்கியது. ஆட்கள்மேல் வேர்வை வாடை வீசாமல் இருக்க இது போதும் என்று மேஸ்திரிகள் கண்டுகொண்டார்கள். பூச்சு போட்டால்தான் வேலை என்று கட்டட வேலைக்காரர்களுக்கும், மூட்டை தூக்குகிறவர்களுக்கும், சாக்கடை அள்ளுகிறவர்களுக்கும் வரிசையில் நிற்கவைத்துப் பூசிவிட்டார்கள்.

அதற்குப்பிறகு நடந்தது சின்னக் கணக்கு. ஏசியில் இருக்கிறவனுக்கு வேர்க்காது, அதனால் மணக்காது. வெயிலில் நிற்கிறவன் தெருமுனையிலேயே மணப்பான். சந்தனம் மணந்தால் கூலிக்காரன் வருகிறான் என்று அர்த்தமாயிற்று. மூக்கைப் பொத்திக்கொண்டவர்களுக்கு அது நாற்றமாகவே பட்டது. நடிப்பில்லை, சிலருக்கு உண்மையிலேயே குமட்டியது. கல்யாண வரவேற்பு மேசையிலிருந்து சந்தனக் கிண்ணம் எழுந்துபோனது. கடையில் சந்தன சோப்பு பின்வரிசைக்குப் போய், பிறகு காணாமல் போனது. கோயில்களில் திருநீறோடு நிறுத்திக்கொண்டார்கள். சாமிக்கு மட்டும் ஒளித்துவைத்துப் பூசினார்கள், சாமிக்கு வேர்ப்பதில்லை. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். நாரோடு சேர்ந்த பூவுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

மறுநாளே அஞ்சுகம் கம்பெனி எம்.டி. நந்தகோபாலின் அறையில் நின்றாள். அறையில் புதிதாக ஒரு வாசனை. அவளுக்கு அது என்னவென்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது, ஆனால் நம்ப முடியவில்லை. தோல் வாடை. சுண்ணாம்பும் அழுகலும் கழிந்த, சுத்தமான, விலை உயர்ந்த தோல் வாடை.

"லெதர்," என்று நந்தகோபால் மணிக்கட்டை நீட்டினார். "குளிர்நாட்டு மரப்பட்டையைக் கருக்கி எடுக்கிற தைலம். பெரிய இடத்துல இப்ப இதுதான் போகுது. எப்படி இருக்கு?"

"பழகின வாசனையா இருக்கு சார்," என்றாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இந்த மாதிரிக் கிருமியைச் செய்கிறவர்கள் அதைக் கொல்லவும் ஒரு மருந்து செய்து வைத்தாக வேண்டும் என்பது சட்டம். அஞ்சுகம்தான் அதையும் செய்தாள். அது பூச்சுக் கிருமியை மட்டும் கொல்லாது, பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து வழித்து எடுத்துவிடும். சில மாதங்களில் தோல் தானாகத் தேறிக்கொள்ளும். பல வருஷமாக வெளியே விடாமல் பூட்டிவைத்திருந்தார்கள். இப்போது அதற்கும் பெயர் வைத்தாயிற்றாம். நிர்மலம். தீபாவளிக்குக் கடைக்கு வருகிறது. பூசிவிட்டது இனாம், கழுவிவிடுவது விலைக்கு.

"கர்ப்பிணிங்களுக்கு இதைச் சோதிச்சுப் பாக்கலை சார்," என்றாள் அஞ்சுகம்.

"ரத்தத்துல கலக்காதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? உங்க வீட்டுப் பொண்ணு, நீங்களே பக்கத்துல இருந்து பாத்துக்கங்க." புட்டிகளை எடுத்துக்கொடுக்கச் சொல்லி ஃபோனில் பேசிவிட்டுச் சிரித்தார். "நமக்கு முதல் ஆள் எப்பவும் உங்க ஆளுங்கதானே."

அவள் அண்ணனுக்கும் ஒரு புட்டி சேர்த்து வாங்கினாள். ஃபோனில் சொன்னபோது குருவப்பன் வேண்டாம் என்றுவிட்டார்.

"தோலு நாத்தம்னாங்க, சந்தனத்தப் பூசிவிட்ட. இப்ப சந்தனம் நாறுதுங்கிறாங்க, கழுவுங்கிற. கழுவிட்டு நின்னா, என்னடா இவன்மேல ஒண்ணுமே வீசலயே, எங்க போய்க் கழுவிட்டு வந்தான்னு கேப்பாய்ங்க. நான் இப்படியே இருந்துக்கிறேன் தாயி. பிள்ளைக்குச் செய். அவ பொழைக்கணும்."

அஞ்சுகம் நிறைமதிக்குத் தன் கையாலேயே செய்தாள். கோவை வீட்டுக் குளியலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்துவிடுவதைப் போலத் தலையிலிருந்து பாதம்வரை தேய்த்தாள். வயிற்றில் தேய்க்கும்போது உள்ளே பிள்ளை உதைத்தது. சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, ஈரச் சுவரின் வாடை மட்டும் மிஞ்சியது.

"அத்தே, ஒண்ணு கேக்கவா?" நிறைமதி குனிந்தபடியே கேட்டாள். "தெருவுல எல்லாருக்கும் பூசினீங்க. நீங்க ஏன் பூசிக்கல?"

"கண்டுபிடிச்சவங்க தனக்கே போட்டுக்கக் கூடாதுன்னு விதி இருக்குத்தா."

"அப்படியா?"

"ஆமா."

அப்படி ஒரு விதியும் கிடையாது. அஞ்சுகம் அப்போதே சென்னையில் யாரும் ஊர், பேர் கேட்காத இடத்துக்கு வந்துசேர்ந்திருந்தாள். மேலே ஏதாவது வீசினால், அது சந்தனமாகவே இருந்தாலும், மனிதர்கள் திரும்பிப்பார்ப்பார்கள். திரும்பிப்பார்த்தால் எந்த ஊர் என்பார்கள். இதை அவள் தன்னிடமே சொல்லிக்கொண்டது அன்றைக்குத்தான். நிறைமதி மேற்கொண்டு கேட்கவில்லை, துண்டுக்குக் கை நீட்டினாள்.

மிச்சமிருந்த புட்டிகளை அஞ்சுகம் அங்கேயே அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

சித்திரை வெயிலில் பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்ததும் சுலோசனா முதலில் செய்தது அவன் உச்சந்தலையை முகர்ந்துபார்த்ததுதான். முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்ணுமே இல்லீங்க. பச்சைத்தண்ணி மாதிரி இருக்கறான்," என்று அஞ்சுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். நல்ல மனசோடுதான் கலங்கினாள்.

பையன் பால் குடிக்கவில்லை.

மார்பில் வைத்தால் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடினான். வாயில் கொண்டுபோய் வைத்தாலும் அது எதுவென்று தெரியாதவன்போல விட்டுவிட்டுக் கத்தினான். நர்ஸ் பிழிந்தெடுத்துப் பாலாடையில் புகட்டினாள், கடைவாயில் வழியவிட்டான். புட்டிப் பாலும் அப்படியே. முதல் நாள் சரியாகிவிடும் என்றார்கள். அடுத்த நாள் சில பிள்ளைகள் இப்படித்தான் என்றார்கள். அதற்கடுத்த நாள் குரல் கம்மி, உதடு வறண்டு, கண்ணில் மஞ்சள் ஏறியது. சாயங்காலத்துக்குள் குடிக்காவிட்டால் ஐசியூவில் வைத்து மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, நிறைமதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்னையப் பிடிக்கல அத்தே அவனுக்கு," என்றாள். அழக்கூடச் சத்து இல்லை.

மத்தியானம் குருவப்பன் வந்தார். திண்டுக்கல்லிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்து, பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோக்காரன் ஏற்ற மறுத்ததால் வெயிலில் நடந்து வந்திருந்தார். அவர் வருமுன்பே வாசனை வராந்தாவுக்கு வந்துவிட்டது. பக்கத்து அறைக் கதவு ஒன்று சாத்திக்கொண்டது. பிரசன்னா எழுந்து மாமனாரை வெளியிலேயே நிறுத்திப் பேசலாமா என்று அம்மாவைப் பார்த்தான். அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார்.

அஞ்சுகத்தின் கையில் இருந்த பையன் அழுகையை நிறுத்தினான்.

சும்மா நிறுத்தவில்லை. தலையைத் திருப்பினான். கண் இன்னும் எதையும் பார்க்கப் பழகாத குழந்தை, மூக்கை வாசல் பக்கம் வைத்து வாயைத் திறந்தான். "ஏத்தா, ஏன் இப்படி வாடிக் கெடக்கான்?" என்று குருவப்பன் குனிந்ததும், அவருடைய நனைந்த சட்டையில் முகத்தை முட்டி, சட்டைத் துணியைக் கவ்விச் சப்பினான்.

அஞ்சுகத்துக்குப் புரிந்துவிட்டது. தோலைப் பற்றி அவள் யோசிக்காத கேள்வி இல்லை. வாசனைத் தொழிலில் இருப்பவர்களின் புத்தியே இப்படித்தான். பூசிக்கொள்கிறவரைப் பற்றி யோசிப்பார்கள், எதிரே நிற்கிறவரைப் பற்றி யோசிப்பார்கள். உள்ளே ஒருவன் மாதக்கணக்கில் அதையே முகர்ந்துகொண்டு கிடக்கிறான் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.

"வயித்துக்குள்ளயே அம்மா வாசனை பிள்ளைக்குத் தெரியும்," என்று மெதுவாகச் சொன்னாள். "அவனுக்குத் தெரிஞ்ச அம்மா சந்தனமா மணந்தா. அதைத்தான் தேடுறான். நான் கழுவிவிட்டுட்டேன்."

முதலில் தெளிந்தவள் சுலோசனாதான். "அப்ப சந்தனத்தை உரசிப் பூசுனாப் போச்சுங்க. டேய் பிரசன்னா, ஓடு. டவுன்ஹால் பக்கம் நாட்டு மருந்துக் கடைல கேளு. உள்ள வச்சிருப்பாங்க." தன் வீட்டிலிருந்து சந்தனக் கட்டையை எடுத்து எறிந்தவள், மகன் வாங்கிவந்ததை இழைத்து மருமகள் மார்பில் தன் கையாலேயே பூசினாள். பேரன்மேல் அவளுக்கு உயிர்.

பையன் முகர்ந்தான். முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டு, கம்மிய குரலில் மறுபடி அழத் தொடங்கினான்.

"அது மரத்துச் சந்தனம்," என்றாள் அஞ்சுகம். "இவன் கேக்கிறது வேர்வையில ஊறினது. நம்ம ஆளுங்க உடம்புல வர்றது."

நிறைமதி எழுந்து உட்கார்ந்தாள். மூன்று நாளில் முதன்முறையாக அவள் குரலில் தெம்பு இருந்தது. "அப்பா, சட்டையக் கழட்டிக் குடுங்க."

குருவப்பன் தயங்கினார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் வெற்றுடம்போடு நிற்பதா என்று கூச்சம். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"பொறுங்க." சுலோசனா கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "சம்பந்தி, நீங்க சொல்லுங்க. சட்டைல இருந்து ஒட்டுமா? இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம். நீங்க வச்சிட்டுப் போன மருந்தை நானும் தினம் ரெண்டு வேளை பூசிக்கிட்டிருக்கேன். பிரசன்னாவுக்கும் தேச்சுவிட்டேன். குழந்தையைத் தூக்கற கை சுத்தமா இருக்கோணும்னுதான். இப்ப இந்த ஒரு சட்டைல எல்லாம் வீணாயிரக் கூடாதுங்க. ஒட்டுமா, ஒட்டாதா?"

அஞ்சுகம் அவளைப் பார்த்தாள். தினம் இரண்டு வேளை. அப்படியானால் அந்தத் தோலிலும் இப்போது ஆள் இல்லை. மகன் தோலிலும் இல்லை. நிறைமதி தோலிலும் இல்லை. சுத்தம் சுத்தம் என்று தேய்த்து, குடும்பம் மொத்தமும் பிறந்த குழந்தையாக நிற்கிறது. இந்தச் சட்டை குழந்தைமேல் பட்டால் குழந்தைக்கு ஒட்டும். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிற அத்தனை பேருக்கும் ஒட்டும்.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டும் என்று சொன்னால் குழாய். சாயங்காலம் ஆக அதிக நேரம் இல்லை. குழாயில் பிழைக்கவும் செய்யலாம், பிழைக்காமலும் போகலாம். அவள் படித்த படிப்பில் ஒருநாளும் பொய்யான முடிவை எழுதியதில்லை. அந்த ஒரு கர்வம் அவளிடம் இருந்தது.

"ஒட்டாதுங்க," என்றாள்.

"நிச்சயமா?"

"நான்தானே செஞ்சேன். எனக்குத் தெரியாதா? துணியில அது உயிரோட இருக்காது. தைரியமா வைங்க."

சுலோசனா விலகிக்கொண்டாள். படித்தவர்கள் சொன்னால் நம்புகிறவள். குருவப்பன் சட்டையை நீட்டினார். நிறைமதி அதை மார்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பிள்ளையை வாங்கினாள். அவன் ஒருமுறை முகர்ந்தான், முட்டினான், பிடித்துக்கொண்டான். பால் இறங்குகிற சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. பிரசன்னா முகத்தை மூடிக்கொண்டு அழுதான். குருவப்பன் அக்குளை மறைத்துக் கைகளைக் கட்டிக்கொண்டு, வெற்றுடம்போடு சுவரோரம் நின்றார். அவருக்கு ஒரு துண்டு கொடுக்கவேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

குழாய் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பையன் இரண்டு பக்கமும் குடித்து முடித்ததும் சுலோசனா அவனை வாரி எடுத்துக்கொண்டாள். தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். கழுத்து மடிப்பில் அவன் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் இழைத்தாள். "என் ராசா, என் தங்கமே, பாட்டியைப் பயமுறுத்திட்டியேடா," என்று முத்தமிட்டாள்.

நிறைமதி அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அத்தே, ஒட்டாதுன்னீங்களே. நிசமா?"

குளியலறையில் அத்தை சொன்ன பொய்யை நம்பாதவள், இதையும் நம்பவில்லை.

"ஒட்டும்," என்று நிறைமதியே சொன்னாள். கொஞ்சநேரம் மாமியாரையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க அந்த மருந்தத் தேச்சிருக்காங்களே. அவங்களுக்கும் வருமா?"

"வரும்த்தா."

"அவருக்கும்?"

"எல்லாருக்கும்."

நிறைமதி கண்ணை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, அஞ்சுகத்துக்குத் தெரியவில்லை. அப்போதே எழுந்துபோய், குழந்தையைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள் அம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய்ப்பு இருந்தது. அவள் சொல்லவில்லை. தெருக்காரர்கள் கையை நீட்டியபோது அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து அவள்தான் முடிவு செய்தாள். இப்போது இன்னொரு குடும்பத்துக்கு, கேட்காமலே முடிவு செய்துவிட்டாள். இதில் பழிதீர்த்த திருப்தி கொஞ்சம் இருந்தது. அது தன்னிடம் இருப்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் எழுந்திருக்கவில்லை.

சுலோசனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அருகில் வந்தாள். பெருமை தாங்கவில்லை. "பாருங்க சம்பந்தி, இவ்வளவு நேரம் சட்டையோட கிடந்தும் தலைல ஒரு வாசனையும் இல்லீங்க. நீங்களே மோந்து பாருங்க."

அஞ்சுகம் குனிந்து அந்தச் சின்னத் தலையை முகர்ந்தாள்.

"இல்லைங்க," என்றாள். அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது.